குடி மறந்தாரும் துணை நின்றாரும்

தமிழ் இலக்கியத்தில் கள்ளுக்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று ஔவையார் கண்ட முகம். சிறிதளவு கள் கிடைத்தால் அதனைத் தங்களுக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாங்கள் உண்டு பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்றும் மறைந்த அதியமானை நினைந்து அப்பெருமாட்டி உருகிப் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235ஆம் பாட்டாக உள்ளது. அங்கே கள் என்பது பகிர்ந்துண்ணும் அன்பின் அடையாளம். மற்றொன்று வள்ளுவர் கண்ட முகம். பொருட்பாலில் வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே, 93ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை அவர் நிறுத்தினார். இவ்விரண்டுள் எது தமிழர் பண்பாடு என்று பட்டிமன்றம் நடத்துவது நம் நோக்கமன்று. இரண்டும் நம்முடையனவே.

அந்த 93ஆம் அதிகாரத்தின் இறுதி இரண்டு குறட்பாக்களை மட்டும் ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம். கள்ளுண்டு களித்தவனுக்குக் காரணம் காட்டி அறிவுரை கூறுவது, நீருக்குள் மூழ்கிவிட்டவனைத் தீவிளக்கு ஏந்தித் தேடுவதை ஒக்கும் என்பது ஒன்பதாவது குறளின் கருத்து. விளக்கு அணையுமே அல்லாமல் ஆள் அகப்படமாட்டான். அப்படியாயின் வழியே இல்லையா? பத்தாவது குறள் விடை கூறுகிறது. குடிப்பழக்கம் உடைய ஒருவன், தான் குடியாத வேளையில், குடித்துக் கிடக்கும் இன்னொருவனைக் காண்பானாயின், தன் நிலையும் இதுதானே என்று எண்ணமாட்டானா என்று வள்ளுவர் வினவுகிறார். நூலாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் முதற்கருத்தை எடுத்தாள்வது மிகுதி. இரண்டாவதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. குடிநோயாளிக்கு அறிவுரை பயன்படாது, ஆனால் மற்றொரு குடிநோயாளி பயன்படுவான் என்னும் இந்த நுட்பத்தை உலகம் ஒரு முறையாக வகுத்துக்கொண்டது 1935ஆம் ஆண்டிலேதான். அதனைப் பின்னர்க் காண்போம்.

மணிமேகலைக் காப்பியத்திலே, ஆதிரை பிச்சையிட்ட காதையில் சாதுவன் என்னும் வணிகன் வருகிறான். கணிகை வீட்டிலும் சூதாட்டத்திலும் கைப்பொருளை எல்லாம் இழந்தவன் அவன். பொருள் ஈட்டக் கடலேறிச் சென்றபோது மரக்கலம் உடைந்து, நக்க சாரணர் எனப்படும் நாகர் வாழும் மலைப்பக்கத்தில் கரை ஒதுங்கினான். மனிதரைக் கொன்று தின்னும் அவர்கள் இவனை ஏன் உயிரோடு விட்டனர்? அவர்களுடைய மொழியை அவன் அறிந்திருந்தான் என்பதே காரணம். நாகர் தலைவன் அவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் தருமாறு ஆணையிட்டான். சாதுவன் வேண்டா என்றான். இவை இன்றி உலக வாழ்வில் இன்பம் ஏது என்று தலைவன் வெகுண்டு கேட்க, அவன் பொறுமையாக விடை கூறுகிறான். கருத்தூன்றிக் காணவேண்டியது அதன் பிறகு நிகழ்வதே. எல்லாவற்றையும் இப்பொழுதே விட்டொழியுங்கள் என்று சாதுவன் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களால் இயலக்கூடிய அளவு அறத்தை மட்டும் எடுத்துரைக்கிறான். தலைவனும், இவ்வளவு எங்களால் ஆகும் என்று ஏற்றுக்கொள்கிறான். தானே ஒரு பழக்கத்தால் கெட்டு மீண்டவன், கேட்பவனுடைய மொழியில், கேட்பவனால் தாங்கக்கூடிய அளவு மட்டும் பேசினான். இக்காலத்து மீட்புக் குழுக்களின் இலக்கணம் இதனின் வேறுபட்டதன்று.

இனி அண்மைக் கால வரலாற்றுக்கு வருவோம். 1921இல் காந்தியடிகள் வகுத்த ஒத்துழையாமைத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கள்ளுக்கடை மறியல் தமிழகமெங்கும் நடைபெற்றது. ஈரோட்டில் அதனைத் தலைமை தாங்கி நடத்தியவர் பெரியார் ஈ. வெ. ராமசாமி. கள் இறக்கப் பயன்படுகின்றன என்ற காரணத்துக்காகத் தாதம்பட்டியிலிருந்த தம்முடைய தோப்பில் 500க்கு மேற்பட்ட தென்னை மரங்களை அவர் வெட்டிச் சாய்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் சிறை சென்றபின் அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தனர். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரு பெண்மணிகள் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் கூறியதாகச் சொல்லப்படுகிறது. குடியை எதிர்த்து ஊர் எழுந்த இடங்களில் எல்லாம் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்களாகவே இருப்பதை வரலாறு பலமுறை காட்டுகிறது.

ராஜாஜியின் பணி வேறு வகையினது. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவர் நிறுவிய காந்தி ஆசிரமம் கதர், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றோடு மதுவிலக்கையும் தன் வேலையாகக் கொண்டது. அங்கிருந்து 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் மாத இதழ் வெளிவந்தது. ராஜாஜி ஆசிரியர்; துணை நின்றவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. பத்தே இதழ்களோடு அது நின்றுவிட்டது. எனினும் குடியின் கேட்டைக் கதையாகவும் படமாகவும் எளிய நடையில் உழைப்பாளி மக்களிடம் கொண்டு செல்லலாம் என்பதை அது காட்டிற்று. ராஜாஜி எழுதிய ‘திக்கற்ற பார்வதி’ பல்லாண்டுகளுக்குப் பின் 1974இல் திரைப்படமாகவும் வந்தது. குடிகாரனை அன்றி அவன் மனைவியைக் கதையின் நடுவில் நிறுத்தியது அக்கதையின் சிறப்பு.

1937இல் சென்னை மாகாணப் பிரதமரானவுடன் ராஜாஜி தம் சொந்த மாவட்டமாகிய சேலத்தில் அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்தடுத்துச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. போன வருமானத்தை ஈடு செய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. அந்த வரி நிலைத்துவிட்டது, மதுவிலக்கோ நிலைக்கவில்லை. சேலத்து முயற்சியில் சட்டம் மட்டும் இருந்ததாக எண்ணுதல் தவறு. மாலை வேளையில் கடைக்குச் சென்று பழகிய உழைப்பாளி அந்த நேரத்தில் எங்கே செல்வான் என்ற கேள்வியை அன்றைய அதிகாரிகளும் ஊழியர்களும் எழுப்பினர். பஜனை, கதாகாலட்சேபம், விளையாட்டு, தேநீர்க் கடை ஆகியவை மாற்றாக வைக்கப்பட்டன. மரம் ஏறுவோருக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் வழி காட்டப்பட்டது. இப்பகுதி வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. குடியை விட்டவனுக்கு மாலை ஆறு மணி என்பது எத்துணை நீண்ட பொழுது என்பதை அறிந்தவர்கள் அந்த வரிகளை விரைந்து கடக்கமாட்டார்கள்.

போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கைக் கைவிட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் தளர்ந்தது, மூன்றாண்டுக்குள் மீண்டும் இறுகியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இந்த ஏற்றத் தாழ்வுகளைப் பற்றி அரசியலார் பேசுவதற்கு நிரம்ப இருக்கிறது. நாம் மேற்செல்வோம்.

நாம் வாழும் தெலுங்கு நாட்டில் நடந்த ஒன்று தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய அரிய நிகழ்ச்சி. நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்ட என்பது ஒரு சிற்றூர். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள் இரவில் எழுத்துக் கூட்டிப் படிக்க அமர்ந்தார்கள். படிப்பைக் கெடுத்தவர்கள் குடித்துவிட்டு வந்த ஆண்கள். அன்று அரசின் ‘வருண வாகினி’ திட்டத்தின் வழியே சாராயம் பாக்கெட்டுகளில் ஊர்க் கோடி வரை வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடிப் பேசினர். கூலி எவ்வளவு வருகிறது, அதில் சாராயத்துக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டனர். கற்ற எண்ணும் எழுத்தும் அவர்களுக்கு முதலில் பயன்பட்டது இந்தக் கணக்குக்குத்தான்! பின்னர் ரோசம்மா என்னும் பெண்மணி முன்னிற்க, ஊரிலிருந்த சாராயக் கடையை மூடவைத்தனர். இச்செய்தி, பெண்கள் ஒன்றுபட்டால் என்னும் பொருள்படும் தலைப்பில் அறிவொளிப் பாடநூலிலேயே ஒரு பாடமாக ஏறியது. அதனைப் படித்த அடுத்த ஊர்ப் பெண்கள், அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று கிளம்பினர். 1992இல் நெல்லூரில் சாராய ஏலமே நடத்த முடியாத நிலை வந்தது. 1993 ஏப்ரலில் அம்மாவட்டத்திலும், அதே ஆண்டு அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. என். டி. ராமாராவ் 1994 இறுதியில் ஆட்சிக்கு வந்து, 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997இல் அது நீக்கப்பட்டது.

சட்டத்தின் வாழ்நாள் இரண்டாண்டுச் சில்லறை மாதங்களே. ஆனால் தூபகுண்ட மூட்டிய தீ அத்தோடு அவிந்துவிடவில்லை. சாராயத்துக்குப் போன காசில் நாளொன்றுக்கு ஒரு ரூபாயை எடுத்து வைப்பது என்று நெல்லூர்ப் பெண்கள் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கினர். ‘பொதுபுலட்சுமி’ என்று அதற்குப் பெயர். பொதுபு என்றால் தெலுங்கில் சிக்கனம், சேமிப்பு. ஆந்திரத்தில் பின்னர்ப் பெருகிய மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அந்த ஒரு ரூபாய் முன்னோடியாயிற்று. அரசாங்கம் திரும்பப் பெறக்கூடியது ஆணையை மட்டும்தான் போலும். ரோசம்மா 2016இல் மறைந்தார்.

இதுவரை கூறியவை கடையை எதிர்த்த வரலாறு. கடை மூடிய பின்னும், அல்லது கடை திறந்தே இருக்கும்போதும், பழக்கத்திற்கு அடிமையாகிவிட்ட ஒருவன் மீள்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு வேறு.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகருக்கு, நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் என்னும் பங்குத் தரகர் தொழில் நிமித்தம் வந்தார். சில மாதங்களுக்கு முன்னரே குடியை விட்டிருந்தவர் அவர். வந்த காரியம் கைகூடவில்லை. விடுதியில் தனியே இருந்தபோது மதுக்கூடத்து அரவம் அவரை இழுத்தது. தப்ப வேண்டுமாயின் இன்னொரு குடிநோயாளியோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அங்குமிங்கும் தொலைபேசியில் கேட்டு, பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைக் கண்டுபிடித்தார். கால் மணி நேரம் பேசலாம் என்று இசைந்த மருத்துவர் பல மணி நேரம் பேசினார். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்தார் என்று வைத்து, அந்நாளையே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கின்றனர். பில் வில்சன் அன்று தேடியது அறிவுரை கூறுவதற்கு ஓர் ஆளை அன்று. தாம் வீழாமல் இருப்பதற்குத் துணையாக ஓர் ஆளை. வள்ளுவரின் பத்தாவது குறளை அவர் அறிந்திருக்க வழியில்லை. எனினும் அதன் உட்பொருளையே அவர் செயலாக்கினார் என்று கருதுகிறோம்.

இந்த இயக்கத்தில் கட்டணம் இல்லை. உறுப்பினரின் முழுப்பெயரும் பதவியும் கேட்கப்படுவதில்லை. வாழ்நாள் முழுவதும் தொடமாட்டேன் என்ற சபதமும் இல்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது என்பதே நோன்பு. சாதுவன் நாகர்க்கு உரைத்த, இயன்ற அளவு அறம் என்பதை இங்கே நினைவு கூரலாம். 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்று ‘அல்-அனான்’ என்னும் தனி அமைப்புத் தோன்றியது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், குடிநோயாளிகளை மற்ற நோயாளிகளைப் போலவே மருத்துவமனைகள் ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. ஒழுக்கக் கேடு என்று மட்டும் கருதப்பட்டது நோய் என்று எண்ணப்படத் தொடங்கியது.

தமிழகத்தில் இவ்வெண்ணத்தை நிலைநாட்டியவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். முன்னாள் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தில் மருமகளாகப் புகுந்தவர். அவருடைய கணவர் டி. டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இளவயதிலேயே மறைந்தார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம். இருந்தும் அன்று இந்நோய்க்கென்று நம் நாட்டில் செல்லத்தக்க இடம் அரிதாக இருந்தது. அம்மையார் அமெரிக்கா சென்று பயின்று வந்து, கணவர் பெயரால் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தோற்றுவித்தார். டி. டி. கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்திருப்பது அதுவே. உடலிலிருந்து நஞ்சை நீக்கும் மருத்துவம் ஒரு பகுதி. அதன்பின் வாரக்கணக்கில் நடைபெறும் உளநல ஆலோசனை பெரும் பகுதி. மனைவிக்கும் பெற்றோர்க்கும் தனியே வகுப்பு. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் வியன்னா குடிமைச் சமூக விருதும் கிடைத்தன. கைம்மை அடைந்த ஒரு பெண், துயரத்தை மறைத்து வைப்பதுதான் குடும்ப மானம் என்று எண்ணியிருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திராது.

அந்நிறுவனத்தின் பணிகளுள் நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது மஞ்சக்குடி முகாம். அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில், குடவாசலுக்கு அண்மையில் உள்ள ஊர் மஞ்சக்குடி. ஒரு கூலித் தொழிலாளி வேலையை விட்டுச் சென்னை சென்று மாதக்கணக்கில் தங்குதல் இயலாது. ஆகவே மருத்துவமனையே ஊருக்குச் சென்றது. 1989 முதல் அங்கே முகாம்கள் நடந்தன. இடமும் உணவும் ஏற்பாடும் உள்ளூரார் பொறுப்பு. மருத்துவரும் ஆலோசகரும் சென்னையிலிருந்து வருவர். பதினைந்து நாள் முகாம். யார் யாருக்கு நோய் முற்றியிருக்கிறது என்பதை அறிந்தவர் ஊர்ப் பெரியவர்களே. வீடு தேடிச் சென்று அழைத்தவர்களும் அவர்களே. முகாம் முடிந்த பின்னும் மருத்துவக் குழு குறித்த காலத்தில் மீண்டும் மீண்டும் வந்து பார்த்தது. இடைப்பட்ட நாட்களில் பார்த்துக்கொண்டது ஊர். முதலில் மீண்டவர்கள் பின்னர் வந்தவர்களுக்குத் துணை. வேலைக்கு அழைக்கும் மிராசுதாரர் முதல் கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர் வரை, இவர் இப்பொழுது குடிப்பதில்லை என்று தெரிந்து பேசும்போது மனிதனுக்கு ஒரு முதுகெலும்பு முளைக்கிறது. இம்முறை பற்றிய ஆய்வு 1994இல் அயல்நாட்டு மருத்துவ இதழில் வெளியாயிற்று. தஞ்சைச் சிற்றூர் ஒன்றின் பெயர் உலக மருத்துவ இலக்கியத்தில் இவ்வாறு இடம் பெற்றது நமக்குப் பெருமையே.

மஞ்சக்குடியில் ஊர் இருந்தது. அமீர்பேட்டில் நமக்கு என்ன இருக்கிறது?

நம் தலைமுறையில் இங்கு வந்தவர்கள் மாற்றல் உத்தரவோடு வந்தோம். பின்னர் வந்த இளைஞர்கள் கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களை நாடி வந்தார்கள். மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதி இல்லாத கட்டடம் அரிது. 2017இல் மெட்ரோ வந்தபின் நெரிசல் இன்னும் மிகுந்தது. ஒரே அறையில் நான்கு பேர், நான்கு மொழி. மாமனும் சித்தப்பாவும் எதிர்த்த வீட்டுப் பாட்டியும் இல்லாத ஊர். கண்டிக்க ஆள் இல்லை என்பது ஒரு பக்கம். கைதூக்கிவிடவும் ஆள் இல்லை என்பது மறுபக்கம். குடும்பத்தோடு வாழ்வோர் நிலையும் வேறன்று. சொந்த ஊருக்குச் செய்தி எட்டிவிடக்கூடாது, பெண்ணின் வரன் கெட்டுவிடக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஆம் விதி, பணியில் போதையோடு இருத்தல் கூடாது என்கிறது. நல்ல விதிதான். மீள விரும்புகிறவன் யாரிடம் போவது என்பது எந்த விதியின் கீழும் வராதது.

இந்நகரத்துக் கள்ளின் கதையையும் கூறவேண்டும். தெலங்கானா மக்களுக்குக் கள் வெறும் போதைப்பொருள் அன்று. நமக்கு அண்டையிலுள்ள பல்கம்பேட்டை எல்லம்மாவுக்கும் போனாலு விழாவுக்கும் அது படையற்பொருள். ஔவை கண்ட முகம் என்று கொள்ளலாம். கேடு விளைந்தது கலப்படத்தால். மரத்துக் கள் போதாதபோது, தூக்க மருந்தாகிய அல்பிரசோலம், குளோரல் ஹைட்ரேட் போன்றவற்றைக் கலந்து விற்றனர். நகருக்குள் 2004இல் மூடப்பட்ட கள்ளுக் கடைகள் 2014இல் மீண்டும் திறக்கப்பட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் திடீரென அடைபட்டபோது, நம் பேட்டைக்கு அருகிலேயே உள்ள எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்குக் கூட்டம் கூட்டமாக நோயாளிகள் கொண்டுவரப்பட்டனர். கைகால் நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காணும் மனமயக்கம்! 2025 ஜூலையில் கூகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் அருந்திப் பலர் உயிரிழந்தனர்.

2020ஆம் ஆண்டு நிகழ்ச்சி உணர்த்தும் மருத்துவ உண்மை ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவரை அறையில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த முயல்வது ஆபத்து. இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றலாம். உயிருக்கே கேடு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. மானத்துக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்ப்போர் இங்கேதான் பெரும்பிழை செய்கின்றனர். 2019இல் வெளியான அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறுகிறது. 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. நோயாளிதான் பேசவேண்டும் என்பதில்லை. மனைவியோ நண்பனோ பேசலாம்.

எஞ்சி நிற்பது மொழி. தெலுங்கில் கறிகாய் வாங்குகிறோம். ஆங்கிலத்தில் கோப்பு எழுதுகிறோம். இந்தியில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறோம். ஆனால், நேற்று இரவு நான் என் பிள்ளையை அடித்துவிட்டேன் என்று ஒரு மனிதன் வாய்விட்டு அழவேண்டுமாயின் அதற்குத் தாய்மொழி அல்லாத மொழி உதவாது. இரட்டை நகரங்களில் மீட்புக் குழுக்கள் கூடுகின்றன. அங்கே தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் தட்டுத் தடுமாறிப் பேசிவிட்டுப் பாதி சொல்லாமலே திரும்பும் தமிழரை நாம் அறிவோம். தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் இடம் தருகின்றன, தரத்தான் வேண்டும். வார நாட்களின் மாலையில், ஆறு மணிக்கு மேல், நம் சங்கத்தின் நூலக அறையில் நாற்காலிகள் வெறுமனே கிடக்கின்றன. குடியை விட விரும்புவோர் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அதை ஒரு குழுவாகக் கொள்ளலாம் என்பது அந்த அமெரிக்க இயக்கத்தின் மரபு. பெயர் கேட்க வேண்டியதில்லை. சந்தா வாங்க வேண்டியதில்லை. அறையின் சாவியை யாரிடம் கொடுத்து வைப்பது என்பதை மட்டும் செயற்குழு முடிவு செய்தால் போதும்.